எயிற்பட்டின வழியில் மலர்ந்தவை

'நெய்தல் என்றால் இரங்கல்' என்று மனனம் செய்து தேர்வெழுதும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அது பிழையன்று; ஆயினும் மலருக்கு ஒரு பொருள் என்று வரையறுத்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைவோர் பாதி வழியிலேயே நின்றுவிடுவர். இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மரக்காணத்து உப்பளக் கரையே போதும்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. பாணனை ஆற்றுப்படுத்தும் புலவர் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்களைக் கூறுகிறார். இவற்றுள் கடற்கரை ஊராகிய எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். அப்பட்டினத்துக்குச் செல்லும் வழியை நத்தத்தனார் நான்கு பூக்களால் காட்டுகிறார். தாழை அன்னம்போல் மலர்ந்திருக்கிறது. செருந்தி பொன்னோ என்று மயங்க வைக்கிறது. முண்டகம் எனப்படும் கழிமுள்ளி நீலமணியாக ஒளிர்கிறது. புன்னை முத்தாக அரும்புகிறது.

அன்னம் நீங்கலாக ஏனைய மூன்று உவமைகளையும் நோக்குக. பொன், மணி, முத்து. வறுமையோடு நடந்து வரும் பாணனின் கண்முன் இம்மூன்றையும் கொட்டிவிடுகிறார் புலவர். அரசன் வாயிலை அடையும் முன்னரே அவன் நாட்டுச் செடிகொடிகள் பரிசில் வழங்கத் தொடங்கிவிட்டன! இங்கே மலர் கொடைக்குக் குறியீடு. இரங்கலின் சாயல் ஓரிடத்தும் இல்லை. (அதே பகுதியில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண விறகுக்குப் படுத்துறங்கும் ஒட்டகம் உவமையாகிறது. அவ்விறகில் காய்ச்சப்படும் தேறலை நாம் கடந்து செல்வோம். ஒட்டகத்தைக் கடக்க மனம் வரவில்லை. தமிழ்க் கடற்கரையில் நின்றவர் அவ்விலங்கின் உறக்கத்தையும் அறிந்திருந்தார் என்பது வியப்பன்றோ?)

இதே பூக்கள் அகப்பாட்டில் வேறு பணி புரிகின்றன. குறுந்தொகை 228ஆம் பாட்டில் தாழை அன்னம் ஆகவில்லை. சிறகைக் கோதும் குருகைப்போல் மடல் விரிகிறது. தலைவனோ தொலைநாட்டில் இருக்கிறான். அவன் நாட்டுக் கடலின் அலை தன் முன்றில்வரை வந்து மீள்வதே தலைவிக்கு ஆறுதல். அவள் பார்வையில் தாழைக்குப் பொன்னுலகத்துப் பறவை பொருந்தாது; கழியில் தனித்து நிற்கும் குருகே பொருந்தும்.

நற்றிணை 172ஆம் பாட்டின் புன்னையும் முத்தை நினைவூட்டவில்லை. விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைக்க, நெய்யும் பாலும் வார்த்து வளர்த்த மரம் அது. உங்களினும் சிறந்த உங்கள் தங்கை இவள் என்று அன்னை சொல்லியிருக்கிறாள். ஆதலால் அம்மர நிழலில் உம்மோடு நகைத்துப் பேச நாணுகிறோம் என்று தலைவனிடம் தோழி கூறுகிறாள். வேறு நிழலுக்கு வா என்பது சொல்லின் பொருள். காலம் தாழ்த்தாது மணம் செய்துகொள் என்பது கருத்து. இங்கே புன்னை உடன்பிறப்பு, சான்றும்கூட. அட்டவணையில் இதனை எங்கே எழுதுவது?

நெய்தல் என்ற சொல் சாப்பறையையும் குறிக்கும். பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூறு 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் நெய்தற்பறை ஒலிக்க, மற்றொரு வீட்டில் மண முழவு ஒலிக்கிறது. ஒருத்தி பூச்சூட, பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். மலரின் பெயரும் சாவின் ஓசையும் ஒரே சொல்லில் நிற்பதை அறிந்தவர்க்கே அப்பாட்டு முழுதும் திறக்கும்.

நிலத்துப் பூவைக் கொண்டே உள்ளத்தைப் பேசும் இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டுக் குறியீட்டு ஓவியர் ஸ்தனிஸ்லாவ் விஸ்பியான்ஸ்கி (1869–1907), கிராக்கோவ் நகரின் பிரான்சிஸ்கன் தேவாலயச் சுவர்களில் 1895இல் தீட்டியவை பூக்களே. அடுத்த ஈராண்டுகளில் அந்நகர்ச் சுற்றுப்புறச் செடிகளைப் பார்த்துப் பார்த்து ஓர் ஏட்டில் வரைந்து சேர்த்தார். அப்போது போலந்துக்குத் தனியரசு கிடையாது. மூன்று பேரரசுகள் அதனைப் பங்கிட்டிருந்தன. அத்தகைய காலத்தில் சொந்த மண்ணின் எளிய பூக்களும் உரிமை கூறும் என்று கொள்வது மிகையாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. விஸ்பியான்ஸ்கியின் பூ அவர் ஒருவரின் பார்வையில் பொருள் பெற்றது. நம் புலவர்க்குத் திணை மரபு முன்னரே பொருள் தந்திருந்தது; அதனைப் பாட்டுக்குப் பாட்டு திருப்பிக் காட்டுவதிலேயே அவர்தம் ஆற்றல் விளங்கிற்று.

மரக்காணத்துக் கழுவேலி 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கரையோரம் சவுக்குத் தோப்புகளும் சீமைக் கருவேலமும் பெருகிவிட்டன. புன்னையைப் பாராத மாணவர்க்கு அது தங்கையாவதும் முத்தாவதும் வெறும் சொற்களே. நம் துறை மாணவர்கள் ஒருமுறை சிறுபாணாற்றுப்படையைக் கையில் கொண்டு அக்கரையில் நடக்க வேண்டும் என்பது நம் நெடுநாள் விருப்பம். கோடையில் சென்றால் பாத்திகளில் நீர் வற்ற வற்ற வெண்மை படர்வதைக் காணலாம். நத்தத்தனார் அதனைத் தம் நான்கு பூக்களோடு சேர்க்கவில்லை. ஆனால் 'உப்புப் பூத்திருக்கிறது' என்றே தமிழர் இன்றும் சொல்கின்றனர்.