எலும்பில் சொந்தம் பார்ப்பது

“எங்கள் நிலத்தருகே நடுகல் ஒன்று இருக்கிறது. பல்லவர் காலத்து ஆள் என்கிறார்கள். டிஎன்ஏ பார்த்தால் எங்கள் வம்சமா என்று தெரியுமா?” ஜோலார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்.

கல்லை வைத்துப் பார்க்க முடியாது, எலும்பு வேண்டும். நம் பக்கம் அது பெரும்பாடு. ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியும், உப்புப் போடாத பச்சைத்தோல் சித்திரை வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே மயிர் கழன்றுவிடும். மண்ணுக்குள் சூடும் ஈரமும் டிஎன்ஏவை அப்படித்தான் சிதைக்கின்றன. எலும்பே கிடைத்தாலும், சில தலைமுறைக்குள் உள்ள சொந்தம்தான் பளிச்சென்று தெரியும். 1,200 வருஷத்துக்கு முந்தைய ஒருவரை ‘எங்கள் பாட்டன்’ என்று ஊர்வலம் விட இது உதவாது.

இமயமலைக் குளிரில் கதை வேறு. சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் ரூப்குண்ட் ஏரி. அங்கே கிடந்த 38 பேரின் மரபணுவை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்ட குழு படித்து, 2019இல் வெளியிட்டது. ஒரே விபத்தில் மாண்ட கூட்டம் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் 23 பேர் நம் துணைக்கண்டத்தவர், கி.பி. 800ஐ ஒட்டியவர்கள். 14 பேர் கிரீஸ், கிரீட் பக்கத்து வம்சாவளி. இறந்தது 1800 வாக்கில்! ஒருவர் தென்கிழக்கு ஆசியர். யாருக்கும் யாரும் நெருங்கிய சொந்தமில்லை.

சொந்தம் நிறைந்த இடுகாடு ஹங்கேரியில் இருக்கிறது. ராகோட்சிஃபால்வா என்ற ஊரில் அவார் என்ற பழங்கால மக்களின் ஒன்பது தலைமுறை வம்சவரிசையை 2024இல் ஆய்வாளர்கள் வரைந்தார்கள். ஆண்கள் பிறந்த இடத்திலேயே இருக்க, பெண்கள் வெளியிலிருந்து வாழ வந்திருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதாக ஒரு தடயமும் இல்லை.

சொந்தத்தில் கட்டினார்களா என்று கண்டுபிடிக்கும் விதம்தான் எனக்கு ஆச்சரியம். தாய் தகப்பன் எலும்பு வேண்டாம், பிள்ளையின் எலும்பு ஒன்றே போதும். நம் மரபணு இரண்டு பிரதி. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. அப்பா தன் அத்தை மகளைக் கட்டியிருந்தால், அவர்கள் இருவருக்கும் பொதுவான தாத்தாவின் துண்டு இரண்டு வழியிலும் பிள்ளைக்கு வந்து சேரும். அந்த இடங்களில் இரண்டு பிரதியும் எழுத்து மாறாமல் நீளமாக ஓடும். அக்கா மகளைக் கட்டும் நம் வழக்கத்தில் இன்னும் அதிகம்.

ரூப்குண்டில் மலையேறிகள் எலும்புகளைக் கலைத்துப்போட்டு, கையில் கிடைத்ததை எடுத்தும் போனார்கள். எந்த மண்டையோடு எந்தத் தொடையெலும்போடு சேரும் என்பதே குழம்பிவிட்டது. அதனால், கடைக்கால் தோண்டும்போது தாழியோ எலும்போ தட்டுப்பட்டால், கழுவாதீர்கள், கையால் தொடாதீர்கள். தொட்டால் உங்கள் டிஎன்ஏதான் அதில் ஒட்டும். அப்படியே மூடிவைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.