சண்டையில் அடிபட்ட சேவல்: முதல் மூணு நாள் கவனிப்பு

கொல்லையில் கோழி வளர்க்கிற வீடுகளில் சேவல் சண்டை புதுசு இல்லை. ஒரே அடையில் பொரிச்ச சேவல் குஞ்சுகள் நாலஞ்சு மாசம் வரைக்கும் ஒண்ணா மேயும். கொண்டை சிவந்து கூவ ஆரம்பிச்சதும் யார் பெரியவன் என்கிற போட்டி வந்துடும். பெரும்பாலும் ஒண்ணு பின்வாங்குவதோடு சண்டை முடிஞ்சுடும். ஓடித் தப்ப இடம் இல்லாத அடைப்பிலும், பின்வாங்கத் தெரியாத பெருவிடை, அசில் ரகங்களிலும்தான் அது பலத்த காயம் வரைக்கும் போகுது.

அடிபட்ட சேவலுக்கு காயத்தைவிட அதற்குப் பின்னால் வருகிற மூணு விஷயங்கள்தான் பெரிய ஆபத்து. ரத்தத்தைப் பார்த்து மற்ற கோழிகள் கொத்துவது, காயத்தில் ஈ முட்டையிட்டு புழு வைப்பது, தீனி தண்ணி இல்லாமல் சேவல் ஒடுங்கிப்போவது. இந்த மூணையும் நாம வீட்டிலேயே தடுக்கலாம். காயத்தை அதோட உடம்பே ஆத்திக்கும்.

முதல் வேலை பிரிப்பது

மருந்து தேடுவதற்கு முன்னால் சேவலைப் பிரிச்சிடணும். கோழிக்குச் சிவப்பு நிறம் கண்ணில் பட்டால் கொத்தத் தோணும். சண்டை போட்ட சேவல் மட்டும் இல்லை, பெட்டைகளும் சேர்ந்து கொத்தும். பஞ்சாரத்தைக் கவுத்து, மேலே கோணிச் சாக்கு போட்டு மூடி, காத்து வர வழிவிட்டு நிழலில் வைங்க. இருட்டில் கோழி சீக்கிரம் அமைதியாகிடும். கீழே மண்ணோ உமியோ வேண்டாம், காயத்தில் ஒட்டும். பழைய துணி அல்லது காய்ந்த வைக்கோல் போதும்.

காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்காதீங்க. மார்பை இறுக்கியும் பிடிக்கக் கூடாது. கோழி நெஞ்செலும்பை அசைச்சுத்தான் மூச்சு விடுது. இறக்கையோடு சேர்த்துத் துணியில் தளர்வாச் சுத்திப் பிடிச்சால் ஒருத்தரே மருந்து போடலாம்.

ரத்தத்தை நிறுத்துவது

கொண்டையிலும் தாடியிலும் ரத்தக் குழாய்கள் அதிகம். சின்னக் கீறலுக்கே முகமெல்லாம் ரத்தமாகும். ஆனால் ரெண்டு கிலோ சேவலுக்கு மொத்த ரத்தமே சுமார் 150 மில்லிதான், அதனால் அலட்சியமும் கூடாது. சுத்தமான துணியால் அஞ்சு நிமிஷம் எடுக்காமல் அழுத்திப் பிடிங்க. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைஞ்ச ரத்தம் பிரிஞ்சுடும். கால் முள் ஒடிஞ்சு ரத்தம் வந்தாலும் இதே முறைதான். அழுத்தும்போது கொஞ்சம் மஞ்சள் தூள் வைக்கலாம்.

கழுவி மருந்து போடுவது

ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு, 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை தேக்கரண்டி போட்டு ஆறவிடுங்க. வெதுவெதுப்பா இருக்கும்போது காயத்தின் மேல் ஊத்திக் கழுவணும். இறகு காயத்தோடு ஒட்டியிருந்தால் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்க. இறக்கைக்கு அடியிலும், பின்கழுத்து இறகுக்குள்ளும் தேடிப் பார்க்கணும். முள் குத்தின ஓட்டை வெளியே தெரியாது.

களிம்புக்கு நம்ம வேலியோரச் சரக்கே போதும். குப்பைமேனி ஒரு கைப்பிடி, வேப்பிலை ஒரு கைப்பிடி, பூண்டு அஞ்சு பல், மஞ்சள் தூள் 10 கிராம். இவற்றை அரைச்சு 250 மில்லி தேங்காய் எண்ணெயில் கொதிக்கவிட்டு, ஆறவச்சு எடுத்துக்கணும். மாட்டுப் புண்ணுக்குப் பயன்படுகிற அதே மூலிகைகள்தான். தினம் ரெண்டு வேளை மெல்லிசாத் தடவினால் போதும், இறகெல்லாம் எண்ணெயாக ஊறக் கூடாது.

மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு இவை எதையும் காயத்தில் போடாதீங்க. புது சதையை அரிச்சு, ஆறுவதைத் தள்ளிப்போடும். மனுஷங்களுக்கான வலி மாத்திரையும் வேண்டாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் பிணம்தின்னிக் கழுகுகள் செத்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செஞ்சாங்க. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

கண்ணும் புழுவும்

கண்ணில் அடிபட்டிருந்தால் ஆறின உப்புத் தண்ணியால் கழுவுவது மட்டும்தான் நம்ம வேலை. எண்ணெய், மஞ்சள், களிம்பு எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

ஈ முட்டையிட்ட ஒரே நாளில் புழு வந்துடும். காலையும் மாலையும் காயத்தை வெளிச்சத்தில் பாருங்க. புழு இருந்தால் இடுக்கியால் எடுத்துட்டு, சீத்தாப்பழ இலையை அரைச்சு ஒரு நாள் வச்சுக் கட்டலாம். சீத்தா இலை கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் முகத்துக் காயத்தில் வைக்காதீங்க.

கொண்டையிலும் இமையிலும் கறுப்பா மருக்கள் மாதிரி இருந்தால் அது சண்டைக் காயம் இல்லாமல் அம்மையாக இருக்கலாம். அம்மைக் கிருமி கொசு வழியாவும் காயம் வழியாவும் பரவும். அப்படிப்பட்ட கோழியைத் தனியாகவே வைக்கணும்.

தீனியும் தண்ணியும்

முதல் நாள் தீனியைவிடத் தண்ணிதான் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணியில் ஆறு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வைங்க. முகம் வீங்கிக் குடிக்க முடியாவிட்டால் அலகு நுனியைத் தண்ணியில் தொட்டுக் காட்டுங்க. வாயைத் திறந்து ஊத்தக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கு, தண்ணி அதில் போயிடும். மறுநாளிலிருந்து குழைஞ்ச சோறு, ஊறவச்ச கம்பு, அவிச்ச முட்டை, முருங்கைக்கீரை கொடுக்கலாம்.

எப்போது மருத்துவரிடம்?

தின்னதும் குடிச்சதும் கழுத்தடி ஓட்டை வழியா வந்தால் இரைப்பை கிழிஞ்சிருக்கு. தோலுக்கடியில் காத்து அடைச்சு உப்பி, அழுத்தினால் நொறநொறன்னு இருந்தால் காற்றுப்பையில் குத்து. இந்த ரெண்டோடு, நிற்காத ரத்தம், எலும்பு முறிவு, துர்நாற்றம் இருந்தாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்க. தமிழ்நாட்டில் 1962 எண்ணிலும் கூப்பிடலாம். எதிருயிரி மருந்து கொடுத்தால், எத்தனை நாள் கழிச்சு அந்தக் கறியைச் சாப்பிடலாம்னு அங்கேயே கேட்டுக்கணும்.

திரும்ப விடுவது

மூணு நாள் தாண்டி நல்லாத் தின்னா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பொருக்கு உதிர்ந்து, சிவப்பு தெரியாத வரைக்கும் கூட்டத்தில் விடாதீங்க. ஆனால் கண்ணில் படாமல் பூட்டி வச்சால் கூட்டம் அதை மறந்து புதுசாப் பார்க்கும். நாலாவது நாளிலிருந்து பஞ்சாரத்தைக் கூட்டம் மேயும் இடத்திலேயே வைங்க.

அடிச்ச சேவலும் அடிபட்ட சேவலும் மறுபடி ஒரே இடத்தில் இருந்தால் இதே வேலையைத் திரும்பச் செய்யணும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சம் இருக்கும் சேவல்களைக் கூவ ஆரம்பிக்கும் பருவத்திலேயே விற்கவோ, கறிக்கு எடுக்கவோ, தனி அடைப்பில் விடவோ முடிவு பண்ணிடுங்க. ரெண்டு சேவல் வேணும்னா தீனித் தொட்டியும் தண்ணியும் ரெண்டு இடத்தில் வைங்க. செடி, மறைப்பு, உயரமான கொம்பு இருக்கிற கொல்லையில் தோற்ற சேவலுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும், சண்டையும் காயம் வரைக்கும் போகாது.