சாயங்கால அழுகையும் பாட்டி வைத்தியமும்

ஆறாம் வாரத்து உச்சம்

வயிறு நிறையப் பால் குடித்த, காய்ச்சலோ சளியோ இல்லாத கைக்குழந்தை, விளக்கு வைக்கும் நேரம் வந்தால் வீல் வீலென்று அழத் தொடங்குகிறது. முகம் சிவக்கிறது, முஷ்டி இறுகுகிறது, முழங்கால்கள் வயிற்றோடு மடங்குகின்றன, நடுநடுவே காற்று பிரிகிறது. வயிற்று வலி என்பார் ஒருவர், உப்புசம் என்பார் இன்னொருவர், உரம் விழுந்துவிட்டது என்பார் பக்கத்து வீட்டு அம்மா. மருத்துவர்கள் இதைக் கோலிக் என்கிறார்கள். நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் இப்படி அழுதால் அது கோலிக் என்று 1954-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெசல் ஓர் அளவுகோல் வகுத்தார். 1962-ல் இன்னொரு குழந்தை மருத்துவரான பெர்ரி பிரேசல்டன், நலமாக உள்ள குழந்தைகளின் அழுகையையே நாள்தோறும் குறித்து வைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறந்த சில வாரங்களில் கூடத் தொடங்கும் அழுகை, ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கியது. அதிலும் மாலை நேரத்து அழுகைதான் அதிகம். கோலிக் பெரும்பாலும் இதே போக்கின் உச்ச வடிவம். மூன்று, நான்கு மாதங்களில் ஓய்ந்துவிடுகிறது. இன்னதுதான் காரணம் என்று இதுவரை உறுதியாகவில்லை. வாயுதான் காரணம் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அழும்போது குழந்தை நிறையக் காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்று அழுகையின் விளைவாகவும் இருக்கலாம்.

இந்தக் கால அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கைமருந்தையும் எடைபோட வேண்டும். அழுகை தாங்க முடியாமல் போகும்போதுதான் குடும்பம் மருந்து தேடுகிறது, அதாவது உச்சத்தில். அதன்பின் எதைக் கொடுத்தாலும், கொடுக்காமல் விட்டாலும், அழுகை குறையத்தான் போகிறது. கடைசியாகக் கொடுத்ததற்குப் பெயர் கிடைக்கிறது. அதனால் என் வாதம் இது: பாட்டி வைத்தியத்தில் குழந்தையின் உடம்புக்கு வெளியே நடப்பதில் பெரும்பகுதியை அப்படியே காப்பாற்றிக்கொள்ள வேண்டும், ஆறு மாதம் வரை (தேன் என்றால் ஒரு வயது வரை) வாய்க்குள் போவதை நிறுத்த வேண்டும்.

உரைகல்லில் அளவு இல்லை

ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றை வேகவைத்து வெயிலில் காயப்போட்டு எடுத்து வைப்பார்கள். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் ஒவ்வொன்றையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு இழைப்பு, மூன்று இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவதுதான் உரை மருந்து. அக்கறையோடு செய்யும் வேலைதான். ஆனால் இழைப்புக்கு அளவு கிடையாது. கை அழுத்தம், கல்லின் சொரசொரப்பு, காய் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே மூன்று இழைப்பு ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் இன்னொரு மாதிரி இறங்கும். நான்கு கிலோ எடையுள்ள உடம்புக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஜாதிக்காய் அளவு மிஞ்சினால் மயக்கம் தரும். மருந்து கொடுத்ததும் தூங்கிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். அந்தத் தூக்கமே மருந்தின் மயக்கமாக இருக்கலாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளில் அது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால் 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவுப் பொருள்களில் சேர்க்கத் தடை விதித்தது.

தேன் இதைவிடத் தெளிவான ஆபத்து. அதில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை வளராது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதன் முதல் அறிகுறி மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் வலு குறைவது, அழுகை நலிவது. விவரம் தெரியாத வீட்டில் இதையும் வயிற்றுக் கோளாறு என்று எண்ணி இன்னொரு துளி தேன் வைத்துவிடக்கூடும். விளக்கெண்ணெய் விஷயத்தில் வேறு ஆபத்து. அழுகிற குழந்தையைப் படுக்கவைத்துப் பாலாடையால் புகட்டும்போது எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வந்த நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் இதனோடு சேர்த்து நிறுத்த வேண்டும்.

கடையில் வாங்கும் கிரைப் வாட்டரையும் நம்மில் பலர் பாட்டி வைத்தியமாகவே நினைக்கிறோம். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் வுட்வர்ட் தயாரித்தது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு ஆல்கஹாலும் அந்தப் பழைய கலவையில் இருந்தது. குழந்தை அடங்கியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். ஆல்கஹால் பின்னர் நீக்கப்பட்டது. இப்போது கிடைக்கும் திரவம் கோலிக்கைத் தீர்க்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. சிமெதிக்கோன் சொட்டு மருந்தும் சோதனைகளில் வெறும் போலி மருந்தை விட மேலாக வேலை செய்யவில்லை.

இரண்டு ஆட்சேபணைகள்

காலங்காலமாகக் கொடுத்தோமே, எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தானே வளர்ந்தார்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் தானாகச் சரியாகிவிடும் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்தில், நூற்றில் ஒரு பங்கு ஆபத்து இருந்தாலும் அதை ஏற்க நமக்குக் காரணம் இல்லை. அந்தக் காலத்தில் மூச்சுத்திணறி இறந்த சிசுவுக்குத் தோஷம் என்றோ மாந்தம் என்றோ பெயர் வைத்தார்கள். எண்ணெயையோ தேனையோ யாரும் சந்தேகிக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் வலுவானது. சோம்பு வேலை செய்கிறது என்று ஆய்வே சொல்கிறதே என்பார்கள். ஆம், ரஷ்யாவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில் பெருஞ்சீரக எண்ணெய்க் கரைசல் பெற்ற குழந்தைகளில் 65 சதவீதத்தினருக்கு கோலிக் நின்றது. போலி மருந்து பெற்றவர்களில் 23.7 சதவீதத்தினருக்கு நின்றது. இந்த முடிவை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அங்கே கொடுத்தது அளந்து தயாரித்த, செறிவு தெரிந்த கரைசல். வீட்டில் கொதிக்கவைக்கும் சோம்புத் தண்ணீரிலோ ஓமத் தண்ணீரிலோ அந்தக் கணக்கு இல்லை. அதைக் குடித்து நிரம்பும் சின்ன வயிறு அந்த அளவு தாய்ப்பாலை இழக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் தண்ணீருக்கும் விலக்கு இல்லை. போலி மருந்து மட்டுமே பெற்ற குழந்தைகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குச் சரியானது என்பதையும் அந்த ஆய்வு காட்டுகிறது.

தாய்க்குப் பத்தியம் வைப்பதும் நிறுத்த வேண்டிய வகைதான். பருப்பு, கிழங்கு, கீரை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் பிள்ளை பெற்றவள்தான் இளைத்துப்போவாள். பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகள் சிலர் உண்டு. மலத்தில் ரத்தம், தோல் தடிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லித் தாய் தன் உணவில் பசும்பாலை நிறுத்திப் பார்க்கலாம்.

மடியும் தோளும் தூளியும்

வெளியே செய்யும் வைத்தியத்துக்கு வருவோம். 1986-ல் ஹன்சிக்கர், பார் இருவரும் கனடாவில் செய்த ஆய்வில், அழுதாலும் அழாவிட்டாலும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். கோலிக் வந்துவிட்ட குழந்தைகளிடம் பிறகு சோதித்தபோது அவ்வளவு பலன் தெரியவில்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த நேரத்து அழுகையை அடக்கத் தூக்கி நடப்பது உதவுகிறது. 2022-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தந்த யோசனை எளிது: 5 நிமிடம் நிற்காமல் நடங்கள், குழந்தை தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து உட்காருங்கள்.

இடது முழங்கை மடிப்பில் குழந்தையின் தலை, முன்கையின் மீது குப்புறப் படுத்த வயிறு, தொடையைப் பற்றிய உள்ளங்கை, முதுகில் மெல்லத் தட்டும் வலது கை: இந்த நிலையில் பல குழந்தைகள் அடங்குகின்றன. விழித்திருக்கும்போது மட்டும் இப்படி. தூங்கவைக்கும்போது மல்லாத்தியே கிடத்த வேண்டும். பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் எடுக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவிய வெதுவெதுப்பான கையால் தொப்புளைச் சுற்றி வலம்வரத் தேய்க்கலாம். அரை இருட்டு, தாலாட்டு, மெல்லிய ஆட்டம் எல்லாம் நல்லவை. தூளியில் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடாதபடி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உரம் எடுப்பதாகத் துணியில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தை அதைத் தாங்காது.

பாட்டி கூட இருந்ததால் கிடைத்த பெரிய நன்மை, இன்னொரு ஜோடி கை. தனிக்குடித்தனத்தில் அந்தக் கை அப்பாவுடையதாக இருக்க வேண்டும். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை அவர் தூக்கிக்கொண்டு நடந்தால் தாய் ஒரு மணி நேரமாவது கண்ணயர முடியும். யாரும் இல்லாமல் பொறுமை எல்லை மீறினால், குழந்தையைப் பாதுகாப்பாகத் தரையில் மல்லாத்திப் படுக்கவைத்துப் பத்து நிமிடம் விலகி நில்லுங்கள். அழட்டும். எக்காரணம் கொண்டும் பிடித்துக் குலுக்கக் கூடாது. சில நொடிக் குலுக்கலிலேயே மூளையில் ரத்தம் கசியக்கூடும்.

எப்போது கோலிக் அல்ல

ஓயாமல் அழும் குழந்தையின் உடைகளை முழுதாகக் களைந்து ஒருமுறை பாருங்கள். தாயின் தலைமுடி ஒன்று கால்விரலில் சுற்றி இறுகி, விரல் வீங்கியிருப்பது உண்டு. தொடை இடுக்கில் கெட்டியான வீக்கம் தெரிந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், புடைத்த உச்சிக்குழி, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, எடை ஏறாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் கைமருந்துக்கு நேரம் ஒதுக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், அழுகை நின்று தூங்கிவிட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.