‘வானம் தெளிவா இருக்கு!’ - ஊட்டியில் இது நல்ல செய்தியா?

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “சாப்பிட்டீங்களா?” ஊட்டியிலும் அது உண்டு. ஆனால், குன்னூரில் இருக்கும் உறவினருக்கு போன் போட்டால் அதற்கும் முன்னால் வருவது, “உங்க பக்கம் மழையா?”

சும்மா கேட்பதில்லை. இரண்டு ஊருக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இல்லை. வானிலை மட்டும் வேறு. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மண் சரிந்து மலை ரயில் நிற்பதும் பெரும்பாலும் அப்போதுதான். கிளம்பலாமா, வேண்டாமா என்பதை அந்த ஒரு பதில் முடிவு செய்துவிடும்.

வானிலையில் பேச்சைத் தொடங்குவதில் பெயர் பெற்றவர்கள் ஜப்பானியர்கள். முறையான கடிதம் என்றால்கூட பருவகாலத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். தெருவில் பார்த்தால், “சமுயி தெசு நே.” அதாவது, ‘குளிரா இருக்குல்ல?’ கடைசியில் வரும் அந்த ‘நே’, ஏறக்குறைய நம்முடைய ‘ல்ல’தான். “சோ தெசு நே” (ஆமால்ல) என்று பதில் சொல்ல வேண்டும். “அப்படியொண்ணும் குளிரலையே” என்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். அவர் கேட்டது தகவலை அல்ல, ஒரு தலையசைப்பை.

ஊட்டியில் அப்படித் தலையசைக்க முடியாத மாதங்கள் உண்டு. டிசம்பர் மாலையில், “வானம் எவ்வளவு தெளிவா இருக்கு!” என்று சுற்றுலா வந்தவர் பூரிப்பார். பக்கத்தில் நிற்கும் தேயிலை விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். மேகம் கம்பளி மாதிரி. அது இல்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும். விடிந்தால் தலைகுந்தா, காந்தல் புல்வெளிகள் வெள்ளை வெளேர் என்று உறைபனி. படம் எடுக்க அழகுதான். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகும். மறுபடி துளிர்க்கும் வரை பறிக்க இலை இல்லை, கையில் காசும் இல்லை. அதனால்தான் செடிகளின் மேல் தாகையை வெட்டிப் போட்டு மூடுகிறார்கள். தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார்தான் போர்வை.

இந்தப் பயம் ஜப்பானின் தேயிலைக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் நாட்காட்டியில் வசந்தம் தொடங்கியதிலிருந்து 88-வது நாள், மே 2 வாக்கில் வரும். அதோடு பனி விடைபெறும் என்பது பழைய கணக்கு. அதுவரை காவல் காக்க, தோட்டத்தில் கம்பங்கள் நட்டு மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். மேலே நிற்கும் சற்று வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுவதற்கு! அந்தத் தோட்டங்களில் ‘இன்னைக்கு ராத்திரி குளிருமோ’ என்று ஒருவர் கேட்டால், ‘ஆமால்ல’ மட்டும் போதாது.

மின்விசிறி இல்லாத தலைகுந்தாவில், ராத்திரி படுக்கப் போகும் முன் யாராவது ஒருவர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார். உள்ளேயிருந்து கேள்வி வரும்: “நட்சத்திரம் தெரியுதா?”