துவக்கும் ஒரு சுவடியே

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த எங்கள் ஊர்களில் துப்பாக்கியைத் 'துவக்கு' என்பர். சிங்கள மக்களும் 'துவக்குவ' என்றே வழங்குவர். துருக்கிய மொழிச் சொல்லொன்று பல நாடுகளையும் கடந்து இவ்வடிவில் நம்மிடம் வந்து சேர்ந்தது. சொல் நடந்த வழியே இத்துணை நெடிதாயின், பொருள் நடந்த வழி எத்துணை நெடிதாகும்! பழந்துவக்கை ஏலத்திற் கொள்வோர் ஆராய வேண்டுவது அவ்வழியையே.

ஏடு பார்க்கும் முறையை மாணவர்க்குக் கற்பிக்கையில் மூன்று கூறுவேன்: ஓலையின் பழமை, எழுத்தின் அமைதி, ஏடு கைம்மாறி வந்த வரலாறு. துவக்கைத் தேர்வதற்கும் இம்மூன்றே துணை. குழலும் கட்டையும் விசையும் ஒரே காலத்தனவா? பொறித்த முத்திரையும் ஆண்டும் தம்முள் ஒக்கின்றனவா? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது?

திப்பு சுல்தானின் படைக்கலங்களை எடுத்துக்கொள்வோம். புலிவரிக் கோலம் அவர்தம் அரசின் அடையாளம். ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, நபிகள் நாயகத்தின் பிறப்பை ஒட்டியதாகத் தனியாண்டொன்றையும் அவர் வழங்கினார். இவ்வழக்கை அறியாத போலியாளன் ஆண்டைப் பொறிக்கும் இடத்திலேயே அகப்படுவான்.

2019இல் இங்கிலாந்தின் பார்க்‌ஷயரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளிப்பட்ட திப்புவின் சக்கிமுக்கித் துவக்கு ஏலத்தில் 60,000 பவுணுக்கு விலைபோயிற்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி தாமஸ் ஹார்ட் அதனைக் கொண்டுசென்றார் என்பது வழிவரலாறு. போரில் அடிபட்ட வடுவும் அதன்மேல் உண்டு. அவ்வரலாறும் வடுவும் அதற்கு மதிப்பளித்தன.

ஈண்டு ஒன்றை நோக்குக. உண்மைப் பொருள் என நிறுவும் சான்றே, பறித்த பொருள் என்பதையும் நிறுவுகின்றது. ஏலக்கூடத்தில் அது விலையை உயர்த்தும். அறமன்றத்தில் உரியவரைக் காட்டும்.

பின்னதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1638இல் எங்கள் வாவிக்கரைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் ஒன்றுகூடினர். 1765இலோ ஒல்லாந்தர் படை கண்டி அரண்மனையையே சூறையாடியது. லெவ்கே திசாவை என்பார் மன்னனுக்குக் காணிக்கையாக்கிய, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி கடல்கடந்து ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதன்மேற் பொறித்த சிங்கள எழுத்துக்களும், ஞாயிறு, திங்கள், சிங்கம் ஆகிய கண்டியரசின் சின்னங்களும் அதன் பிறப்பைக் கூறின. ஆய்வாளர் பழைய பதிவேடுகளைத் துருவி அது சென்ற வழியையும் தெளிந்தனர். 2023 திசம்பரில் அப்பீரங்கியும், 'மகா துவக்கு' எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும், வாள் இரண்டும், கத்தியொன்றும் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திற்கு மீண்டன. எந்த ஏலமும் நிகழவில்லை; ஆய்வு ஒன்றே அவற்றை மீட்டது.

ஆதலின், ஆசிரியர்காள், பழம்பொருள் ஒன்றைக் காணும் மாணவன் "இதன் விலை யாது?" என வினவினால், "இது வந்த வழி யாது?" என வினவுமாறு அவனைப் பழக்குங்கள். விலைக்கு விடை ஏலமிடுவோன் கூறுவான். வழிக்கு விடை காணக் கல்வி வேண்டும்.