பாலர்களுக்கு ஒரு சரித்திரப் புத்தகம்

பழனிசெட்டிபட்டியில் ஐந்தாம் வகுப்பு வாசிக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ அழைத்து, முதலாவது பானிப்பட்டு யுத்தம் எந்த வருஷத்தில் நடந்தது என்று கேட்டால், 1526 என்று விடை வரக்கூடும். ஊரை ஒட்டி ஓடும் முல்லையாற்றில், ஊரில் ஒரு தூறலும் விழாத சமயத்தில்கூட, ஜூன் மாதத்தில் புது நீர் வந்து சேருகிறதே, அதைக் கொண்டுவந்தது யார், எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பென்னிகுயிக் துரையின் பெயர் வரும். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. குழந்தையின்மேல் குற்றமில்லை. அதன் கையில் கொடுத்த புத்தகங்களில் பானிப்பட்டு இருந்தது, முல்லையாறு இல்லை.

சரித்திரம் என்பது எங்கோ, எப்போதோ, யாருக்கோ நடந்த விஷயம் என்ற எண்ணம் இளவயதிலேயே ஊன்றிவிடுகிறது. பரீட்சை முடிந்த மறுநாளே அது மறந்துபோவதில் ஆச்சரியம் என்ன? சரித்திரத்தை உயிரோடு குழந்தைகளுக்குக் காட்ட முடியும் என்பதற்குத் திருஷ்டாந்தம் தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1928-ம் வருஷக் கோடையில் பண்டித ஜவாஹர்லால் நேரு அலகாபாத்தில் இருந்தார். பத்து வயதுப் புதல்வி இந்திரா முஸ்ஸோரி மலையில் இருந்தாள். அவளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1929-ல் புத்தகமாக வெளிவந்தன. பூமி உண்டான கதையை அவர் அரசர்களிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. ஆற்றில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் பாறையின் துண்டாயிருந்த கல், நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கி இப்படி வழவழப்பானது என்கிறார். அதற்குமேல் குழந்தைக்கு எந்த விளக்கமும் வேண்டாம். பின்னர் 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்டு வரை, பெரும்பாலும் சிறைவாசத்திலேயே, அவர் மகளுக்கு எழுதிய கடிதங்கள் உலக சரித்திரமாகவே விரிந்தன. கையில் தக்க நூல்நிலையம் இல்லாமல், குறிப்புகளையும் ஞாபகத்தையும் நம்பி எழுதியவை அவை.

அதே காலத்தில், 1935-ல், வியன்னா நகரத்தில் முப்பது வயது நிரம்பாத கோம்பிரிக் என்ற வாலிபர் குழந்தைகளுக்காக ஓர் உலக சரித்திரத்தை ஆறே வாரங்களில் எழுதினார். நாஜி சர்க்கார் பின்னர் அதைத் தடை செய்தது. சமாதானத்தில் அதிகப் பற்றுக் காட்டுகிறதாம்! குழந்தைப் புத்தகம்தானே என்று பெரியவர்கள் அலட்சியம் செய்யலாம். சர்வாதிகாரிகள் ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை.

தமிழிலும் இத்துறை வெறும் பாலைவனமல்ல. பாங்கில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆயுள் முழுவதையும் பாலர் இலக்கியத்திற்குக் கொடுத்த அழ. வள்ளியப்பா, காந்தியடிகளின் சரித்திரத்தைப் பாட்டாகவே பாடி வைத்தார். 1967-ல் அனந்த பை ஆரம்பித்த அமர் சித்திரக் கதை, படங்கள் மூலம் எத்தனையோ பெயர்களைக் குழந்தைகளின் நாவில் ஏற்றியது. அதன் உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்மாதிரி படக்கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வாள் சுழல்கிறது. நல்லவன் அழகனாகவும் தீயவன் கோரமாகவும் இருக்கிறான். உழுதவனும் கல் சுமந்தவளும் படத்தின் ஓரத்தில், முகம் தெரியாமல் நிற்கிறார்கள். அந்த ஓரத்தில் நிற்பவர்களின் பேரர்களும் பேத்திகளுமே பழனிசெட்டிபட்டிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் குழந்தைகளுக்கென்று ஒரு சரித்திரப் புத்தகம் எழுதப்பட வேண்டும் என்பது நமது கட்சி. லோயர் காம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவது பெரியாற்று நீரினால். அந்தப் பாசனத்தின் கடைமடை இவ்வூர். தலைமடைக்காரனுக்கு நீரின் அருமை தெரியாமல் போகலாம், கடைமடைக்காரனுக்குத் தெரியாமலிராது. ஆகையால் புத்தகத்தை இங்கிருந்து துவக்குவதே பொருத்தம். இங்கிருந்து ஆற்றோடு தென்மேற்கே நடந்து, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டி மலையேறினால் குழந்தை தானாகவே அணைக்குப் போய்ச் சேரும்.

என்ன அற்புதமான விஷயம் அது! மேற்கே சென்று அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த ஓர் ஆற்றைக் காட்டின் நடுவே மறித்து, மலையில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய பிறகே இந்த யோசனைக்கு வேகம் பிறந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவாங்கூர் மகாராஜாவுடன் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. குத்தகைக் காலம் 999 வருஷம். அதைப் படிக்கும் எந்தக் குழந்தையும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடும், எண்ணட்டும். 1887-ல் ஆரம்பித்த வேலை 1895-ல் முடிந்தது. அக்டோபர் மாதத்தில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். சிமெண்டு இல்லாமல், சுண்ணாம்பையும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியையும் கலந்த காரையால் கட்டிய அணை அது. ஒரு பிடி செங்கற்பொடியையும் ஒரு பிடி சுண்ணாம்பையும் குழைத்து, இறுகுகிறதா என்று வகுப்பிலேயே பார்த்துவிடலாம்.

இனி வருவது சிக்கலான இடம். பாதி கட்டிய வேலை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிற்று, சர்க்கார் பணம் தர மறுத்தது, பென்னிகுயிக் சீமைக்குப் போய்த் தமது சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கதை வழங்குகிறது. ஜனங்களின் நன்றி உணர்ச்சியே இக்கதையாக உருவெடுத்திருக்கிறது. ஜனவரி 15-ல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கலிடுகிறார்கள்; குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள்; லோயர் காம்ப்பில் 2013-ல் மணிமண்டபமும் எழுந்துவிட்டது. இவ்வளவும் சரி. ஆனால் அணை சென்னை சர்க்காரின் பொதுப்பணி இலாகாவினால், சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து கட்டப்பட்டது. அப்பொக்கிஷத்தை நிரப்பியது நம் குடியானவர்களின் வரிப்பணம். நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு ஊர்ப்பேச்சு வேறு, சாட்சியம் வேறு என்பது தெரியும். குழந்தைக்கும் அதைச் சொல்லித் தர வேண்டும். கதையை மறைக்க வேண்டாம். கதை என்றே சொல்லலாம். பக்கத்திலேயே பதிவேடு இன்னது கூறுகிறது என்றும் எழுதலாம். இரண்டையும் பார்த்து, ஜனங்கள் ஏன் அப்படிச் சொல்லுகிறார்கள் என்று குழந்தை கேட்குமானால், சரித்திரம் அதற்கு உயிர் பெற்றுவிட்டது. பென்னிகுயிக்கின் பெருமைக்கும் இதனால் குறைவில்லை. வெள்ளம் கொண்டுபோனதைத் திரும்பத் திரும்பக் கட்டிய பிடிவாதம் ஒன்றே அவருக்குப் போதும்.

அந்தக் காட்டில் நோயினால் நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணைக்குச் சமீபத்தில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. மண்டபத்திலிருக்கும் சிலையை வரையும் சித்திரக்காரர் இவர்களையும் வரைய வேண்டும். மரணத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். ராமாயணத்தில் தசரதன் இறப்பதைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு இத்தயக்கம் வேண்டியதில்லை.

நமது அபிப்பிராயத்தில், இதைவிடக் கடினமான ஒரு அத்தியாயமும் அப்புத்தகத்தில் இடம்பெற வேண்டும். ஆற்றை அடக்கிய அதே ஆட்சி இந்தப் பக்கத்து மனிதர்களையும் ஒரு சட்டத்தால் அடக்கப் பார்த்தது. பிறந்த ஜாதியை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று பதிந்து, கைரேகை வாங்கி, இரவில் போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னது அச்சட்டம். அதை எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஜனங்கள்மேல் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்மணியும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-ல் அச்சட்டம் நீங்கியது. அணையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடும் புத்தகம், அன்னிய ஆட்சியின் ஒரு முகத்தைத்தான் காட்டும். அந்தப் படுகையில் படுத்த தாத்தாவின் பேத்தி வகுப்பில் இருக்கிறாள். அவள் தலைகுனியாமல், நிமிர்ந்து வாசிக்கும்படி இந்த அத்தியாயம் எழுதப்பட வேண்டும்.

மலைக்கு அந்தப்புறத்திலும் குழந்தைகள் இருக்கிறார்கள். இடுக்கி ஜில்லாக் குழந்தை அணையை நினைத்து அஞ்சுகிறது. தேனி ஜில்லாக் குழந்தை நீர் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறது. நீர்மட்டத்தை 142 அடி வரையில் உயர்த்தலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்பளித்தது. வழக்குகள் அதோடு ஓயவில்லை. தமிழ்நாட்டின் உரிமையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பாலர் புத்தகம் வக்கீல் நோட்டீஸ் அல்ல. அடுத்த வீட்டுக் குழந்தையின் பயத்தையும் நாலு வரி எழுதினால் நம் உரிமை தேய்ந்துவிடாது. இதே பக்கங்கள் மலையாளத்திலும் வர வேண்டுமென்பது நமது ஆசை.

எழுதுவோருக்குச் சரக்குப் பஞ்சமில்லை. மெக்கன்ஸி என்ற எஞ்சினீயர் 1899-லேயே பெரியாற்றுத் திட்டத்தின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ அணையின் கதையைப் பெரியவர்களுக்கு நாவலாகத் தந்திருக்கிறது. இவற்றையெல்லாம் பத்து வயதுக்காரருக்கு ஏற்றபடி, சிறு வாக்கியங்களில், நல்ல படங்களோடு, கூலிக்காரரும் வாங்கும் விலையில் கொடுக்க வேண்டியதே பாக்கி. தேனி ஜில்லா உபாத்தியாயர்களில் எழுத வல்லவர்கள் பலர் உண்டு. இதை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், பென்னிகுயிக்குக்கு நூறு வருஷம் முன்னால் என்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே வீணாகும் நீரைக் கிழக்கே திருப்ப வழியுண்டா என்று பார்த்துவர விவேகமுள்ள பன்னிரண்டு பேரை அந்த மலைக்காட்டுக்கு அனுப்பினார். வழி உண்டு, ஆனால் பணம் ஏராளமாகப் பிடிக்கும் என்று அவர்கள் திரும்பிவந்து சொன்னார்கள். அவர்கள் கட்டுச்சோற்றோடு மலையேறும் காட்சியை முதற்பக்கத்துப் படமாகப் போடலாம்.