தெற்கு வாசல் நல்லதா, கெட்டதா? சீனரின் ஃபெங் சுய் சொல்வது என்ன?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார், லெபோ குயின் சாலைகளில் உள்ள பழைய கடைவீடுகளுக்கு முகப்பு குறுகல், உள்நீளம் அதிகம். நடுவே கூரையில்லாத சிறு முற்றம் இருக்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைவூட்டும் அந்த முற்றத்தைச் சீனர்கள் 'வானக் கிணறு' என்பார்கள். கூரையில் பெய்யும் மழை வீட்டுக்குள் விழுந்தால் செல்வம் சேரும் என்பது அவர்களது நம்பிக்கை. இது ஃபெங் சுய் கலையின் ஒரு பகுதி.

ஃபெங் என்றால் காற்று. சுய் என்றால் நீர். முன்னோரின் கல்லறைக்கு நல்ல இடம் தேடும் வழக்கத்தோடு வளர்ந்த கலை இது. இதன் பழைய நூல்களில் ஒன்று, குவோ பு (276-324) என்ற அறிஞரின் பெயரில் வழங்குகிறது. 'சி' எனும் உயிர்ச்சக்தி காற்றில் கலையாமல் நீரருகே தங்க வேண்டும் என்பதே அடிப்படை.

அதனால் வீட்டின் பின்னால் குன்றும், முன்னால் திறந்த வெளியும் நீரும் இருப்பது சிறப்பு. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து மூலங்கள் உண்டு. நமது பஞ்சபூதங்களில் உள்ள காற்றும் ஆகாயமும் அந்த வரிசையில் இல்லை.

லெபோ லெய்த்தில் உள்ள சியோங் ஃபாட் சே நீல மாளிகை இதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட அம்மாளிகையில் ஐந்து முற்றங்கள் உள்ளன. அதைச் சீரமைத்த பணிக்கு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

இனி வாசலுக்கு வருவோம். தெற்கு வாசல் என்றாலே நம்மில் பலர் தயங்குவர். சீன மரபிலோ தெற்கு பார்த்த வீடே உயர்ந்தது. காரணம் எளிது. சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வீசும். வெயில் தெற்கிலிருந்து கிடைக்கும். குளிரைத் தடுத்து, வெயிலை வரவேற்கும் ஏற்பாடே பின்னர் விதியானது.

பினாங்கிலோ வடக்கிலிருந்து அத்தகைய குளிர்காற்று வருவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஐந்து பாகை வடக்கே இருப்பதால் உச்சிவெயில் தலைக்கு மேல்தான். பிற்பகலில் சூடேறுவது மேற்குச் சுவர். இங்கே வாசல் எத்திசை என்பதைவிட, காற்று எவ்வழியே வந்து எவ்வழியே போகிறது என்பதே முக்கியம்.

தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியிலும் தாமான் வீட்டிலும் குடியேறியோர் வாசலைத் தேர்ந்தெடுத்துக் கட்டவில்லை. கிடைத்த வீட்டில் வாழ்கிறார்கள். வாசல் சரியில்லை என்று கடன் வாங்கிச் சுவரை இடிப்பதும், பரிகாரப் பொருள்களில் பணம் போடுவதும் குடும்பத்துக்குச் சுமை.

செலவில்லாத வழிகள் உண்டு. எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைக்கலாம். வாசலை அடைக்கும் சாமான்களை அகற்றலாம். ஒழுகும் குழாயைச் சரிசெய்யலாம். பழைய கடைவீட்டில் தொழில் செய்வோர், இடம் போதவில்லை என்று முற்றத்தைத் தகரம் போட்டு மூடாமல் இருக்கலாம். மூடினால் வெளிச்சமும் போகும், வெக்கையும் தங்கும். சீனர் சொன்ன காற்றும் நீரும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.